மேல்குளம், கீழ்க்குளம், சர்வதேசச் சட்டம்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது கீரனூர். வடக்கே முப்பது கிலோமீட்டர் போனால் காவிரி. ஆனால் இந்தப் பக்கத்து மழைநீர் காவிரியை நாடுவதில்லை. நிலம் தென்கிழக்காகச் சாய்ந்திருப்பதால் குளத்துக்குக் குளம் வழிந்து, குளத்தூர்ப் பக்கம் தொடங்கும் அக்னியாற்றில் சேர்ந்து, பாக்கு நீரிணைக்குப் போகிறது. வரைபடம் இப்படியென்றால் வரலாறும் அப்படியே. சென்னை மாகாணமும் மைசூரும் 1924இல் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, கீரனூர் அடங்கிய குளத்தூர் வட்டம் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. 1934இல் மேட்டூர் அணை எழுந்து பாசனப் பரப்பு விரிந்தபோதும் கீரனூர் வயல்கள் அதற்கு வெளியேதான். சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்த பிறகும் நிலைமை மாறவில்லை. மாவட்டத்தின் பல ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் காவிரி வருகிறது. கீரனூர் வட்டாரத்து வயலுக்கு வருவதில்லை. ஆற்று நீர்ச் சட்டம் பேசும் எந்த ஒப்பந்தத்திலும் தீர்ப்பிலும் இந்த மண்ணுக்கு ஒரு வரி கிடையாது. ஆனால் ஆற்றைப் பங்கிட நாடுகள் வகுத்த விதிகள் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று சோதித்துப் பார்க்க, பேராறு எதுவும் இல்லாத இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மேலே இருப்பவன், கீழே இருப்பவன் என்ற உறவு இங்கே, குளத்து உபரி வழியும் ஒவ்வொரு கலிங்கிலும் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கண்மாய்களும் உள்ளன. தனித்தனி ஏரிகளாக எண்ணினால் அவற்றின் அமைப்பு புரியாது. மேட்டு நிலத்தில் பெய்யும் மழையை வரத்து வாரிகள் சேர்த்துக் கொண்டுவருகின்றன. குளம் நிரம்பியதும் கலிங்கு வழியாக உபரி வெளியேறி, அடுத்த குளத்தின் வரத்தாகிறது. அதன் உபரி அதற்கடுத்ததற்கு. மேல்குளத்துக் கலிங்கில் யாராவது ஒரு வரிசைக் கல்லை ஏற்றி வைத்தால், கீழ்க்குளம் நிரம்பும் நாள் தள்ளிப்போகும். மழை குறைந்த ஆண்டில் நிரம்பாமலே போகும். ஆண்டுக்கு 800 முதல் 900 மில்லிமீட்டர் வரை மழை பெறும் ஊரில், அதிலும் கண்மாயை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் சில கனமழைகளே என்னும்போது, அந்த ஒரு வரிசைக் கல் சின்ன விஷயமல்ல. நீர் திறக்கும் குமிழி நட்டுக் கொடுத்தவர்களின் பெயரைத் தாங்கிய கல்தூண்கள் இந்த மாவட்டக் கண்மாய்களுக்குள் இன்றும் நிற்கின்றன. மடை வைப்பது பொதுவில் பதிவு செய்யவேண்டிய செய்தி என்று சோழர், பாண்டியர் காலத்திலேயே கருதியிருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியும் இந்தச் சங்கிலிக்கு அடியில் தெரியாத ஒரு சங்கிலியும் உண்டு. நார்த்தாமலைக் குன்றுகளில் வெளியே தலைகாட்டும் அதே கடினப் பாறை, வட்டாரம் முழுவதும் மண்ணுக்கடியில் படுத்திருக்கிறது. மேலே சிதைந்த பாறை அடுக்கு, அதற்குக் கீழே விரிசல்கள் மட்டும். மணற்படுகையைப் போல இது தண்ணீரைத் தாராளமாகச் சேமிக்காது. இத்தகைய பாறையில் ஒரு கன மீட்டரிலிருந்து வடிந்து கிடைப்பது 10 முதல் 30 லிட்டர் வரைதான். பெய்யும் மழையில் இறங்குவதும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. ஆகவே குளத்தில் நிற்கும் நீர் மெல்லக் கசிந்து இறங்குவது கிணறுகளுக்குப் பெரிய வரவு. நிலத்தடி நீரை மதிப்பிட மத்திய அரசின் குழு வகுத்த முறையில், குளப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 1.4 மில்லிமீட்டர் கசிவதாகக் கொள்கிறார்கள். நீர்ப்பரப்பு 40 ஹெக்டேர் உள்ள ஒரு கண்மாயில் 120 நாள் தண்ணீர் நின்றால் கணக்கு என்னவாகும்? 67,200 கன மீட்டர், அதாவது ஆறே முக்கால் கோடி லிட்டர் கீழே இறங்கும். நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் தரும் பாறையில் இது 336 ஹெக்டேர் பரப்பில் நீர்மட்டத்தை ஒரு மீட்டர் உயர்த்தப் போதும். எண்ணூறு ஏக்கருக்கு மேல்! குளம் நிரம்பாத ஆண்டில் இந்த ஒரு மீட்டர் கிடைக்காது. ஆழ்துளைக் கிணறு போட்டவர் விரிசலைத் தேடி இன்னும் கீழே போவார். பக்கத்துத் திறந்த கிணறு வற்றும். கண்மாய் நீரும் கிணற்று நீரும் ஒரே நீர் என்பதை அறிவியல் இப்படித்தான் காட்டுகிறது.

சர்வதேசச் சட்டம் இந்த உண்மைக்கு வந்து சேர நெடுநாள் ஆயிற்று. 1966இல் சர்வதேசச் சட்டச் சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கி விதிகள், வடிநிலத்தை முழு அலகாக எடுத்துக்கொண்டு, அதைப் பகிர்ந்துகொள்ளும் ஒவ்வொரு நாட்டுக்கும் நியாயமான பங்கு உண்டு என்றன. ஐ.நா. பொதுச்சபை 1997 மே 21இல் ஏற்ற நீர்வழிகள் உடன்படிக்கை இந்த ஒருமையை வரையறையாகவே எழுதியது. மேற்பரப்பு நீரும் நிலத்தடி நீரும் இயற்பியல் தொடர்பால் ஒரே முழுமையாக அமைந்து, பொதுவான ஒரு முடிவிடத்தை நோக்கிப் பாயும் தொகுதிதான் நீர்வழி என்று அது வரையறுத்தது. அதன் மீது நான்கு கடமைகள் எழுப்பப்பட்டன: நியாயமான அளவில் பயன்படுத்துவது, அடுத்தவருக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு செய்யாமலிருப்பது, தகவலைத் தொடர்ந்து பகிர்வது, பாதிக்கக்கூடிய வேலை எதையும் தொடங்குமுன் அறிவித்து, பதில் சொல்ல ஆறு மாதம் தருவது. குளத்தூர் வட்டத்துக் கண்மாய்ச் சங்கிலி ஒன்றை இந்த வரையறைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. குளம், கிணறு, வாரி, கலிங்கு, கடைசியில் கடல். இங்கே பல நாடுகள் இல்லை. பல ஊர்கள் இருக்கின்றன.

இந்தப் பொருத்தம் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. டான்யூப் ஆற்றில் அணை கட்டுவது பற்றி ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நடந்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 1997 செப்டம்பர் 25இல் தீர்ப்பளித்தது. அப்போது அதன் துணைத் தலைவராக இருந்த இலங்கை நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி தனிக் கருத்துரை எழுதினார். நிலைத்த வளர்ச்சி என்ற கொள்கை இருபதாம் நூற்றாண்டின் புதுக் கண்டுபிடிப்பல்ல என்று வாதிட அவர் எடுத்துக்காட்டியது இலங்கையின் பழைய ஏரிப் பாசனத்தை. வண்டல் தடுக்கும் சிறு குளங்கள், ஊர்க் குளங்கள், காட்டு விலங்குகளுக்காக விடப்பட்ட குளங்கள் எனப் படிப்படியாக விளக்கி, மண்ணும் நீரும் ஆள்பவரின் உடைமையாகாது, அவர் அதன் காப்பாளர் மட்டுமே என்ற மரபையும் சுட்டினார். உலக நீதிமன்றத்தின் ஏட்டில் ஏரிச் சங்கிலி ஏறிவிட்டது. நம் வட்டாட்சியர் அலுவலக ஏட்டில் அது இன்னும் சங்கிலியாக ஏறவில்லை.

அந்த ஏடுகளில் சங்கிலி எப்படித் துண்டாகிறது என்று பாருங்கள். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள குளம் அரசின் நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். ஒரே வாரியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குளங்களுக்கு இரண்டு அதிகாரிகள், இரண்டு நிதி ஒதுக்கீடுகள். வாரி ஓடும் மேட்டு நிலம் வருவாய்த் துறைக்கோ வனத்துறைக்கோ உரியது. கிணற்று நீர் யாருடையது? 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளருக்கே தருகிறது. இதை முறைப்படுத்தத் தமிழ்நாடு 2003இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது. நடைமுறைக்கு வராமலே 2013இல் அதை நீக்கியும் விட்டது. ஒரே நீரைக் குளத்தில் நிற்கும்போது ஒருவர், வாரியில் ஓடும்போது இன்னொருவர், பாறைக்குள் இறங்கியதும் பட்டாதாரர் என்று மூவரிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

இந்தக் கோணல் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காவிரித் தீர்ப்பே காட்டுகிறது. 2007இல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 419 டி.எம்.சி.யை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் 404.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75இல் 10 டி.எம்.சி.க்குச் சொன்ன காரணம், தமிழ்நாட்டின் காவிரிப் பகுதியில் கிடைக்கும் நிலத்தடி நீர். மிச்சம் 4.75 பெங்களூரு நகரத்தின் தேவைக்கு. அந்நகரத்தில் மூன்றில் ஒரு பங்கே காவிரி வடிநிலத்துக்குள் வருகிறது என்று நடுவர் மன்றம் அளந்து கொடுத்திருந்தது. குடிநீருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு முடிவுகளும் ஹெல்சிங்கி விதிகளையும் அதே சட்டச் சங்கத்தின் 2004ஆம் ஆண்டு பெர்லின் விதிகளையும் விரிவாகப் பேசும் தீர்ப்பில் வந்தவை. நமக்குக் கசந்தாலும், நிலத்தடி நீரும் பங்கீட்டுக் கணக்கில் சேரும் என்ற கொள்கையில் அறிவியல் பிழை இல்லை. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மாநிலங்களுக்கிடையே கணக்குப் பார்க்கும்போது கிணற்று நீர் பொதுச் சொத்தாகிறது. கீரனூரில் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்களுக்கிடையே கணக்குப் பார்க்கும்போது அது தனிச் சொத்தாகிவிடுகிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது.

மேல்-கீழ் உறவுக்கான விதி இல்லாததால் என்ன நடக்கிறது என்பதற்குத் தைல மரமே சாட்சி. மாவட்டத்தின் மேட்டு நிலங்களில் அரசின் வனத்தோட்டக் கழகம் பல்லாண்டுகளாகக் காகிதக் கூழுக்காகத் தைல மரம் வளர்க்கிறது. மரம் உறிஞ்சும் நீரைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. உழவர்கள் அதைவிட அழுத்தமாகச் சொல்லும் குறை வேறு: கன்றுகளுக்கு ஈரம் நிற்பதற்காகத் தோட்டங்களுக்குள் குறுக்கே வெட்டும் குழிகளும் வரப்புகளும் ஓடிவரும் மழைநீரை மறித்து, கண்மாய்க்கு வரத்தில்லாமல் செய்கின்றன என்பது. வனத்தோட்டம் என்ற நோக்கில் மண் ஈரத்தைக் காப்பது முறையான வேலைதான். கண்மாய் என்ற நோக்கில் அது மேல்குளத்துக் கலிங்கை உயர்த்துவதற்குச் சமம். அர்ஜென்டீனாவும் உருகுவேயும் எல்லை ஆற்றின் கரையில் எழுந்த காகிதக் கூழ் ஆலையைப் பற்றி வழக்காடியபோது, எல்லை தாண்டிக் குறிப்பிடத்தக்க தீங்கு வரக்கூடும் என்றால் முன்கூட்டியே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்வது பொதுச் சர்வதேசச் சட்டத்தின் கடமை என்று 2010 ஏப்ரல் 20இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. (அங்கும் மூலப்பொருள் தைல மரமே.) இரு நாடுகளுக்கு இடையே கட்டாயமான இந்த மதிப்பீடு, ஒரு தோட்டத்துக்கும் அதன் கீழே உள்ள கண்மாய்க்கும் இடையே கட்டாயமில்லை என்பது விந்தை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கிராமத்துக் கண்மாய்க்கு ஐ.நா. உடன்படிக்கை எதற்கு? 1997இல் 103 நாடுகள் ஆதரித்தும் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2014 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்த பிறகும் சேரவில்லை. உண்மைதான். அந்த உடன்படிக்கை இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டம் நம்மிடம் கையெழுத்து வழியாக மட்டும் வந்ததில்லை. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அறிவித்தது. ஒரு தமிழ்நாட்டு ஆற்றின் துயரமே அந்தக் கதவைத் திறந்தது. அதே கதவு வழியாக முன்னறிவிப்பும் தீங்கின்மையும் வரக்கூடாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. இந்த விதிகள் பலமற்றவை என்பது இன்னொரு குறை. உருகுவே தகவல் சொல்லத் தவறியது என்று தீர்ப்பு வந்தும் ஆலை மூடப்படவில்லை. நம் காவிரியில் 1990இல் நடுவர் மன்றம் அமைந்ததிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்புக்கு 28 ஆண்டு ஆயிற்று. இந்தக் குறையை மறுக்க மாட்டேன். அரசுகளைக் கட்டிப்போடும் காவலர் உலகில் இல்லை. ஊருக்குள் அந்த நிலை இல்லையே! ஒன்றிய அலுவலகமும் வனத்தோட்டக் கழகமும் ஒரே அரசின் கைகள். நாடுகளுக்கிடையே தளர்ந்து நிற்கும் விதி, ஒரு வட்டத்துக்குள் எளிதாக நிறைவேறக்கூடியது.

கால்வாய் வரப்போகிறதே, பிறகு ஏன் இந்தக் கவலை என்பது அடுத்த மறுப்பு; இதுதான் கனமானது. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 21இல் இதே மாவட்டத்தின் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் நீளம், 14,400 கோடி ரூபாய் மதிப்பீடு, கரூர் மாவட்டம் மாயனூரிலிருந்து விநாடிக்கு 6,300 கன அடி வெள்ள நீர். தலைமுறைகளாகக் காவிரியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வட்டாரத்துக்கு இந்த ஆசை நியாயமானது. ஆனால் கணக்கைப் பார்ப்போம். முழுக் கொள்ளளவில் ஓடினாலும் ஒரு நாளில் வருவது அரை டி.எம்.சி.யைவிடச் சற்றே கூடுதல், ஒரு டி.எம்.சி. சேர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். காவிரியில் வெள்ளம் வரும் ஆண்டில், வரும் சில வாரங்களில் மட்டும் அது ஓடும். அந்த நீர் வழியிலுள்ள மாவட்டங்களுக்கெல்லாம் பங்காகி, மாதக்கணக்கில் நிற்க வேண்டுமானால் கண்மாயில்தான் நிற்க வேண்டும். தூர்ந்த கண்மாய்க்கும் மறிபட்ட வாரிக்கும் கால்வாயால் பயனில்லை. மேலும் தெற்கு நோக்கி ஓடும் கால்வாய், தென்கிழக்காக இறங்கும் வாரிகளைக் குறுக்கே வெட்டித்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் அடியில் எவ்வளவு அகலத்துக்கு வழிவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அதற்குக் கிழக்கிலுள்ள குளங்களின் கதி. ஆக, கால்வாயும் ஒரு மேல்குளக்காரர்தான். திட்டத்தை எதிர்த்துக் கர்நாடகம் உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. உபரி என்பதே பங்கிடப்படாத நீர், அதைத் தமிழ்நாடு மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் வாதம். வெள்ளமாகக் கடலுக்குப் போவதைத் திருப்பினால் மேலே இருப்பவருக்கு என்ன தீங்கு என்று நாம் கேட்கிறோம். என் கணிப்பில் நம் கேள்வியில் வலு உண்டு. அதே கேள்வியைக் கீழே இருப்பவர் கேட்கும்போது பதில் சொல்லும் கடமை நமக்கும் உண்டு.

மூன்றாவதாக, மரபே போதும், சட்டம் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஊரார் கூடிக் குளத்தைப் பராமரிக்கும் குடிமராமத்தும், முறை வைத்து நீர் பாய்ச்சும் மடை முறையும் சிறந்த ஏற்பாடுகள். அவற்றைப் புகழ்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மரபு தண்ணீரை மட்டும் பங்கிடவில்லை, தீட்டையும் பங்கிட்டது. யார் எந்த ஊருணியில் இறங்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. 2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், தலித் குடும்பங்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலை 28இல் தீர்மானித்தபோது இந்தியா ஆதரவாக வாக்களித்திருந்தது. ஊர்ப் பெரியவர்களின் நல்லெண்ணத்தை நம்பி விடமுடியாத இடங்கள் இருக்கின்றன. எழுதிய உரிமை தேவைப்படுவது அங்கேதான். நீர்வழிகள் உடன்படிக்கையும் பயன்பாடுகளுக்குள் மோதல் வந்தால் மனிதரின் உயிர்த்தேவைக்குத் தனிக் கவனம் வேண்டும் என்கிறது. மரபிலிருந்து எடுக்க வேண்டியது சங்கிலியின் பொறியியலை. சமத்துவத்தைச் சட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் புது ஆணையம் ஒன்று வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு சங்கிலியின் எல்லாக் குளங்களையும், யார் கையில் இருந்தாலும், ஒரே பதிவேட்டில் கொண்டுவந்து, ஒவ்வொன்றின் முழு நீர்மட்டம், கலிங்கு உயரம், வாரியின் அகலம் மூன்றையும் எழுதினால் பாதி வழக்கு தீரும். அந்தப் பதிவில் உள்ளதை மாற்றக்கூடிய எந்த வேலைக்கும், அது தோட்டக் குழியோ கால்வாயோ குளத்தடியில் போடும் ஆழ்துளைக் கிணறோ, கீழே உள்ள ஊராட்சிக்கு முன்னறிவிப்பும் பதில் சொல்ல அவகாசமும் தர வேண்டும். நாடுகளுக்கு ஆறு மாதம். ஊராட்சிக்கு ஆறு வாரம் போதும். மார்ச் 22ஐ உலகத் தண்ணீர் நாளாக ஐ.நா. 1993 முதல் கொண்டாடுகிறது. தமிழ்நாட்டில் அந்த நாளையொட்டிக் கிராம சபை கூடுகிறது. கீரனூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் இருப்பவர்கள் அடுத்த மார்ச் 22இல், தங்கள் கண்மாய்க்கு மேலே எந்தக் கண்மாய், கீழே எந்தக் கண்மாய், இடையில் வாரி எத்தனை அடி அகலம் என்று அளந்து, அதைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். கால்வாய் உங்கள் ஊர் எல்லையைத் தொடுவதற்கு முன்பே அந்தத் தீர்மானம் கையில் இருக்கட்டும்.